நோன்புப் பகலில் ஈரக்கால்

பேய் ராவையிலதான் வரும் எண்டு சொல்றவங்கள நினைச்சா எனக்குச் சிரிப்புத்தான் வருது. நான் கண்டது பட்டப்பகல்ல. அதுவும் நோன்பு மாசத்துப் பகல். கச்சான் காத்து மண்ண வாரி அடிச்சு, ஊர் முழுக்க வாய் காஞ்சு பாயில படுத்துக் கிடக்கிற நேரம். இரிங்க, சொல்றன். அந்த உலக்கைய மட்டும் அங்கால எடுத்து வெக்காதீங்க. கதவடியிலயே கிடக்கட்டும், எனக்கு வேணும்.

எண்பத்தொண்டாம் வருசம். என்ட அவர், ஜவுபர் வாத்தியார், மூதூர்ப் பக்கம் படிப்பிச்சிட்டு மாற்றம் கிடைச்சு கல்முனைக்கு வந்த நேரம். எங்கட வீட்டச் சூறாவளி எப்பவோ தின்னுட்டு. அதத் திரும்பக் கட்டி முடியுமட்டும் எங்க தலை சாய்க்கிற எண்டு யோசிச்சுக்கு இருக்கக்குள்ள சுபைறா ராத்தா ஆள் அனுப்பினா. "ஸகியா, நீ வேற வீடு பார்த்தா நான் உன்னோட சீவியத்துக்கும் கதைக்கமாட்டன். நபீலாட வீட்டு முன் அறை சும்மாதான் கிடக்கு. வா."

நபீலா எண்டா ராத்தாட தங்கச்சி. எனக்கு உசிர்க் கூட்டாளி. ஒரே ஒழுங்கை, ஒரே ஓதப் பள்ளி, பச்ச மாங்காய்க்கு ஒரே உப்புச் சிரட்டை. எழுபத்தெட்டுச் சூறாவளி ராவில மூலை அறைச் சுவர் அவட மேல விழுந்திச்சி. விடியத் தோண்டி எடுக்கக்குள்ள அவ மௌத்து. அவட வயித்துக்குக் கீழ, ஒரு கீறலும் இல்லாம, மகள் றாஹிலா கிடந்தா. புள்ளையப் பொத்திப் புடிச்சபடியே போயிருக்கா. புள்ளட தகப்பன் அதுக்கு முன்னமே வேறொருத்திய முடிச்சிட்டு ஊர விட்டுப் போயிட்டான். அந்த மனிசனப் பத்திக் கதைச்சு என்ட வாய் ஏன் நாறணும்?

எங்கட ஊர் வழமை தெரியும்தானே. வீடு பொம்புளப் புள்ளைக்கு. அது நபீலாட சீதன வீடு, அவளுக்குப் பொறகு றாஹிலாட வீடு. கடலடியில இருந்த சுபைறா ராத்தாட வீட்டையும் சூறாவளி தூக்கிட்டுப் போனதால, "நான் பெத்த புள்ள மாதிரிப் பார்ப்பன்" எண்டு சொல்லி, ராத்தாவும் அவட மாப்புள சீனிமுகம்மது மச்சானும் அங்க வந்து இருந்தாங்க. அவங்கட மகள மச்சான்ட உம்மா தன்னோட வெச்சுக்கிட்டா. ஊரே அவவுக்குத் துஆச் செய்திச்சி. நானும் மூதூர்ல இருந்து அழுதழுது துஆச் செய்தன்.

நாங்க வந்து இறங்கினது பகல் நேரம். பஸ்ஸால இறங்கி ஒழுங்கையால நடக்கக்குள்ள கண்ணெல்லாம் மண். வேலி வாசல் கடப்படியில நிண்டு ராத்தா என்னக் கட்டிப் புடிச்சா. அவட சேலையில சாம்பிராணி மணம். என்ட வயித்தத் தடவிப் பார்த்தா. நான் அப்ப ஏழு மாசப் புள்ளத்தாச்சி.

"எங்க ராத்தா என்ட மகள்? றாஹிலா எங்க?"

ராத்தா குரலத் தாழ்த்தினா. முகத்தில ஒரு சிரிப்பு.

"அவ குமராயிட்டா கா. போன ஹஜ்ஜிப் பெருநாளோட. உள்ளுக்கு இரிக்கா."

புள்ள பெரிய மனிசியாயிட்டா எண்டதும் எனக்குச் சந்தோசத்தில கண் கலங்கிட்டு. ஓடிப்போய்ப் பார்க்க நிண்டன். ராத்தா கையப் புடிச்சா. "இப்ப வேணாம். புள்ளைக்குக் கொஞ்சம் ஜின்ட தொடக்கு. தனிய இருந்து சிரிக்கிறா, சுவரச் சுரண்டுறா. லெப்பை ஓதிக் கட்டிப்போட்டுச் சொன்னார், புள்ளத்தாச்சிர நிழல் அந்த வாசல்ல விழவே கூடாதாம். உன்ட வயித்தில இருக்கிறத நினைச்சுத்தான் சொல்றன்."

மூலை அறைக் கதவில பூட்டுத் தொங்கினத நான் கண்டன். திறப்பு ராத்தாட இடுப்பில. நிலையில ஒரு தகட்டுக் கூடு ஆடிக்கு இருந்திச்சி. நான் பயந்துட்டன். வயித்தில புள்ளையோட இருக்கிறவளுக்கு ஜின் எண்டு சொன்னாப் போதுமே, கால் தானாப் பின்னால போகும்.

அடுத்த நாள் சந்தையில நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் வாங்கிக் கொண்டு வந்து ராத்தாட கையில குடுத்தன். குமரான புள்ளைக்குக் குடுக்கிற முறைதானே. "நான் குடுக்கிறன், சாச்சி தந்தது எண்டு சொல்லியே குடுக்கிறன்" எண்டு ராத்தா வாங்கிட்டுப் போனா. ஒழுங்கையில எல்லாரும் அப்புடித்தானாம் கொண்டு வந்து குடுத்தாங்க. சிலபேர் உளுத்தங்களியும் கிண்டிக் கொண்டு வந்தாங்களாம்.

ராத்தா என்னக் கவனிச்ச கவனிப்ப இப்பவும் நான் மறக்கல்ல. பின்னேரத்தில என்ட வீங்கின கால மடியில தூக்கி வெச்சு எண்ணெய் போட்டு நீவி விடுவா. நோன்பு துறக்கக்குள்ள கஞ்சிக் கோப்பைய முதல்ல எனக்குத்தான் நீட்டுவா. விடியமுந்தி ஸஹருக்கு முட்டை அவிச்சு உரிச்சுத் தருவா. "தின்னு கா, ரெண்டு உசிர்" எண்டுவா. எனக்கு உம்மா இல்லாத குறைய அவதான் தீர்த்தா எண்டு என்ட அவருக்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டன். அந்த எண்ணெயும் அந்த முட்டையும் ஆருக்கு வந்தது எண்டு நான் யோசிக்கவே இல்ல.

இனிக் குசினிக் கதைக்கு வாறன்.

புள்ளத்தாச்சிக்கு நோன்பு கடமையில்ல, விட்ட நோன்பப் பொறகு புடிச்சுக் கழாச் செய்யலாம். ஆனா எல்லாரும் காஞ்சு கிடக்கக்குள்ள முன்னால வெச்சுத் தின்னவும் ஏலாது. அதால ஸஹர்ச் சோத்தில ஒரு பீங்கான், மீன் கறியும் விட்டு, குசினி மூலையில மூடி வெச்சிடுவன். மத்தியானம் லுஹர் தொழுதுட்டுப் போய்ச் சத்தமில்லாமத் தின்னுட்டு வருவன். அந்த நேரம் ஜவுபர் பள்ளிவாசல்ல. சீனிமுகம்மது மச்சான் பசார்க் கடையில. ராத்தா நடு அறையில அயர்ந்து தூக்கம். வளவுக்குள்ள காத்தும் கிடுகு வேலிர சரசரப்பும்தான்.

ஒரு நாள் மூடியத் தூக்கினன். பீங்கான் வெறுமன்.

பூனை எண்டு நினைச்சன். ஆனா மூடி மூடினபடி இருந்திச்சி. எந்தப் பூனை தின்னுட்டுத் திரும்ப மூடி வெக்கும்? பீங்கானத் தொட்டன். சில்லெண்டு குளிர்ந்திச்சி. அடியில கொஞ்சம் தண்ணி. மழைத் தண்ணி மாதிரிக் கலங்கல், நடுவுல ரெண்டு மண் கட்டி.

மூணு மாசமா அந்த ஊரில ஒரு துளி மழையில்ல.

மறுநாளும் அப்புடித்தான். அதுக்கு அடுத்த நாள் நான் தொழுகையச் சுருக்கிட்டு வெள்ளனப் போனன். குசினி வாசல்ல ஒரு மணம் என்ன நிப்பாட்டிச்சி. நனைஞ்ச மண் மணம், ஊறின சுண்ணாம்பு மணம், இடிஞ்ச வீட்டில மழை பெய்தா வாற மணம். சூறாவளிக்குப் பொறகு ஊரெல்லாம் அந்த மணம்தான் எண்டு ஆக்கள் சொல்லக் கேட்டிருக்கன்.

குசினியில ஆரும் இல்ல. பீங்கான் வெறுமன்.

சீமெந்து முத்தத்தில ஈரக்கால் தடம்.

வெயில் கொதிக்குது, காத்து நெருப்பா அடிக்குது, அந்தத் தடம் காயவே இல்ல. குசினியில இருந்து வெளிக்கிட்டு, முத்தத்தால நடந்து, மூலை அறைக்குப் போயிருந்திச்சி. கதவுப் பக்கம் போகல்ல. கதவு வீட்டுக்கு உள்ளுக்கு. தடம் வெளியால போய், சூறாவளிக்குப் பொறகு புதுசாக் கட்டின பின் சுவரடியில முடிஞ்சிச்சி. கடைசித் தடத்தில குதிக்கால் மட்டும்தான் வெளிய. விரல் பக்கம் சுவருக்குள்ள.

இடைக்கிடை சோத்துப் பருக்கை சிந்திக் கிடந்திச்சி.

நான் குந்திப் பார்த்தன். பொம்புளக் கால். வலக்கால்ல அஞ்சு விரல். இடக்கால்ல நாலு.

யா அல்லாஹ்! நபீலாட இடக்கால் சுண்டு விரல், சின்ன வயசில, கிணறு வெட்டக்குள்ள அவட வாப்பாட மண்வெட்டி பட்டுப் போனது. அந்தக் காலுக்கு நான்தான் எத்தனை தரம் மருதோன்றி போட்டுவிட்டிருக்கன்.

பொய் சொல்லல்ல, எனக்குப் பயத்துக்கு முன்னால ஆசைதான் வந்திச்சி. சுவரில கைய வெச்சு மெல்லமாக் கூப்பிட்டன்.

"நபீலா?"

சுவர் ஈரமா இருந்திச்சி. உள்ளுக்கு ஏதோ சுரண்டின சத்தம், பூனைக்குட்டி நகத்தால கீறின மாதிரி. நான் கையப் பறிச்சுக்கிட்டு ஓடிட்டன்.

ஆருக்கிட்டச் சொல்ல? ஜவுபர் வாத்தியாருக்குச் சொன்னா, "ஸகியா, பசியில்லாதவளுக்குத்தான் இந்த நோன்பில மண்டை சுத்துது" எண்டு சிரிப்பார். என்ன முழுசா நம்புற ஆள் ஒராள்தான் எண்டு நினைச்சன். பின்னேரம் எண்ணெய் நீவி விடக்குள்ள எல்லாத்தையும் ராத்தாவுக்குச் சொல்லிட்டன். காணாமப் போற சோறு, ஈரக்கால், நாலு விரல், சுவரடியில பருக்கை, ஒண்டும் விடல்ல.

அவட கை என்ட காலிலயே நிண்டு போச்சி. முகம் வெளிறிச்சி. பேய்க்குத்தான் பயப்படுறா எண்டு நினைச்சு, பாவம், நான் அவட தோளத் தடவி விட்டன்.

"சோறு உள்ளுக்குப் போகுதா?" எண்டு கேட்டா. அதத்தான் முதல்ல கேட்டா.

பொறகு சிரிச்சா. "நோன்பு மாசத்தில ஷைத்தானெல்லாம் விலங்கிலதானே கா. பயப்படாத. இது அந்த ஜின்ட வேலை. சோத்துக்கு ருசி கண்டா அது போகாது. இனிக் குசினியில வெக்காத. என்ட அலுமாரியில வெச்சுப் பூட்டுறன், உனக்குப் பசிக்கக்குள்ள எழுப்பிக் கேளு." ஷைத்தானுக்கு விலங்கு, ஜின்னுக்கு இல்லையாம். அது வேற கணக்காம். நானும் தலையாட்டினன்.

அண்டையில இருந்து குசினி காஞ்சு போச்சி. தடம் இல்ல, மணம் இல்ல. ராத்தா அலுமாரியத் திறந்து பீங்கான எடுத்துத் தருவா, நான் தின்னு முடியுமட்டும் பக்கத்தில இருந்து பார்ப்பா. அந்தப் பார்வைய அன்பு எண்டுதான் நான் எடுத்தன். வயித்துப் புள்ள மட்டும் அசையாமக் கிடந்திச்சி. ஏன் எண்டு தெரியல்ல.

பொறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்திச்சி.

ஆம்புளைங்கெல்லாம் ஜும்ஆவுக்குப் போயிட்டாங்க. ராத்தா தூக்கம். நான் தொழுகைப் பாயில இருந்தன். ஸலாம் குடுத்து முகத்தத் திருப்பக்குள்ள அந்த மணம் வந்திச்சி. இந்த முறை வீடு முழுக்க. மழை பெய்யிற மாதிரி ஒரு இரைச்சலும். வெளிய பார்த்தன், வெயில் கொளுத்துது.

என்ட பாயடியில ஈரக்கால்.

எனக்கு முன்னால நிண்டிருக்கு. நாலு விரல் கால் என்ட முழங்காலுக்குப் பக்கத்தில. நான் நெத்திய நிலத்தில வெச்சு ஸுஜூதில கிடக்கக்குள்ள அது என்ட தலைமாட்டில நிண்டிருக்கு.

பார்த்துக்கிட்டு இருக்கவே அடுத்த தடம் விழுந்திச்சி.

ஆளில்ல. தடம் மட்டும்.

அதுக்கு அடுத்தது.

சத்தியமாச் சொல்றன், நான் எழும்பிப் போகல்ல. என்ட கால் தானா எழும்பிச்சி. நடு அறையால, குசினிப் பக்கத்தால, முத்தத்துக்கு. தடம் குசினி வாசல்ல கொஞ்ச நேரம் நிண்டிச்சி. சோறு வெக்கிற மூலையில சுத்திச் சுத்தி விழுந்திச்சி, தேடின மாதிரி. ஒண்டும் இல்ல எண்டதும் அங்கயே ஒரு குளம் கட்டிச்சி. அழுதாளோ என்னவோ. பொறகு சுவரடிக்கு ஓடிச்சி. ஓம், ஓடித்தான் போச்சி, தடத்துக்குத் தடம் தூரம்.

நான் சுவரில காத வெச்சன்.

சுரண்டுற சத்தம் இல்ல. மூச்சுச் சத்தம்தான். அதுக்குப் பொறகு, குரல் எண்டு சொல்ல ஏலாது, உதடு அசைஞ்சாக் கேக்கிற அளவு.

"உம்மா... இண்டைக்கும் சோறு இல்லயா உம்மா?"

ஜின்னும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. பசியில சாகப் போற ஒரு புள்ள. செத்த உம்மா மூணு வருசத்து ஈரத்தோட வந்து சோறூட்டிக்கு இருந்திருக்கா. அந்தச் சோத்தையும் நான் நம்பின ராத்தா அலுமாரியில வெச்சுப் பூட்டிட்டா.

குசினிக் கதவடியில உலக்கை சாத்திக் கிடந்திச்சி. தூக்கினன்.

"ஸகியா."

திரும்பினன். ராத்தா முத்தத்தில நிண்டா. கூந்தல் அவிழ்ந்து கிடந்திச்சி. அவட கண் என்னப் பார்க்கல்ல, கீழ ஈரத் தடத்தப் பார்த்துக்கு இருந்திச்சி.

"திறப்பத் தாங்க ராத்தா."

"வேணாம் கா. கெஞ்சிக் கேக்கன். என்ட மகளுக்குப் பாலமுனையில மாப்புள பேசி இரிக்கி. அவங்க வீடு கேக்காங்க. எனக்கு எங்க வீடு? கடல் கொண்டு போயிட்டு. நான் அவள அடிக்கல்ல, ஒரு அடி அடிக்கல்ல..."

"திறப்பத் தாங்க."

"இன்னம் கொஞ்ச நாள். அது தானா முடிஞ்சிடும். ஆருக்கும் ஒண்டும் தெரிய வராது. உனக்கு நான் என்ன குறை வெச்சன் ஸகியா?"

உனக்கு நான் என்ன குறை வெச்சன் எண்டு கேட்டா! அந்தக் கேள்விதான் இண்டைக்கும் என்ட நெஞ்சில முள்ளாக் குத்துது. ஒரு குறையும் வெக்கல்ல. அந்தப் புள்ளட வாயில இருந்து எடுத்தல்லவா எனக்கு ஊட்டினா. என்ட வயித்தில வளர்ந்தது றாஹிலாட பங்கு. என்னையும் அந்தப் பாவத்தில கூட்டாளி ஆக்கிப்போட்டு, காலுக்கு எண்ணெய் நீவி விட்டிருக்கா.

நான் உலக்கைய ஓங்கி, தடம் முடிஞ்ச இடத்தில ஒரு குத்துக் குத்தினன்.

ஏழு மாச வயித்தோட ஒரு பொம்புள குத்தின குத்து. செங்கல் சுவர். மூணு வருசம் காஞ்ச சுவர்.

அது ஊறின ரொட்டி மாதிரிப் பிளந்திச்சி.

மேலால சுவர் முழுக்க வெளிப்பக்கம் சாயிறதக் கண்டன். ஓட ஏலல்ல. ஆரோ என்ட தோளப் புடிச்சுப் பின்னால இழுத்தாங்க. குளிர்ந்த கை, ஈரக் கை. நான் விழுந்த இடத்துக்கு முன்னால சுவர் சரிஞ்சு விழுந்திச்சி. சத்தம் கேட்டு ஒழுங்கை முழுக்க ஓடி வந்திட்டு.

வெயில் முதல் முறையா அந்த அறைக்குள்ள போச்சி.

பாயில கிடந்தா. பதினொரு வயசுப் புள்ள ஆறு வயசு அளவுல. முழங்கால் மட்டும்தான் பெரிசு. நான் ஓடிப்போய்த் தூக்கினன். ஒரு கோழி தூக்கின பாரம் கூட இல்ல. கண்ணத் திறந்து என்னப் பார்த்தா. பயப்படல்ல.

"ஸகியா சாச்சியா?" எண்டு கேட்டா. "உம்மா சொன்னா, சத்தம் போடாதயாம், சாச்சி வருவாவாம்."

அவட கடவாயில ஒரு பருக்கை காஞ்சு ஒட்டிக் கிடந்திச்சி. நான் வெச்ச சோறு.

"சாச்சி, நான் நோன்பு. பெரியும்மா சொன்னா, நல்ல புள்ள நோன்பு புடிக்கணுமாம். ராவைக்கும் நோன்புதானாம்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினா. "உம்மா ஏன் சாச்சி எப்பவும் நனைஞ்சிருக்கா? துவட்டிக்க ஒண்டும் குடுக்கல்லயா?"

சுத்தி நிண்ட பொம்புளைங்க வாயப் பொத்திட்டு அழுதாங்க. எனக்கு அழுகை வரல்ல, ஆத்திரம்தான் வந்திச்சி. எல்லாரும் முட்டை கொண்டு வந்தவங்க. எண்ணெய் கொண்டு வந்தவங்க. ஒராள், ஒரே ஒராள், முட்டைய அந்தப் புள்ளட கையில குடுத்தாங்களா? குமர் உள்ளுக்கு இரிக்கா எண்டு சொன்னா எங்கட கண் தானாத் தாழ்ந்து போகும். அது அடக்கம், அது மரியாதை. அந்தத் தாழ்ந்த கண்ண நம்பித்தான் சுபைறா அந்தப் பூட்டப் போட்டா.

அவ முத்தத்து ஈரத்தில குந்திட்டா. என்ட காலப் புடிக்க வந்தா. எண்ணெய் நீவின அதே கையால.

"ஷைத்தான் என்ட புத்திய மறைச்சிட்டான் கா. ஷைத்தான்தான் செய்ய வெச்சான்..."

"நீங்கதானே ராத்தா சொன்னீங்க," எண்டன். "நோன்பு மாசத்தில ஷைத்தானுக்கு விலங்கு எண்டு. அப்ப இது ஆரு?"

அதுக்குப் பொறகு சீவியத்தில நான் அவவ ராத்தா எண்டு கூப்பிடல்ல.

புள்ளையக் கார் பிடிச்சு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனம். அல்லாஹ்ட காவல், பிழைச்சா. சீனிமுகம்மது, "பொம்புளைங்கட விசயம், எனக்கு ஒண்டும் தெரியா" எண்டு கையக் கழுவினான். அந்த அறைக்கு அடுத்த அறையிலதான் படுத்து எழும்பினவன். ஊர்ப் பெரியவங்க வந்து, "வீட்டு விசயம் வீட்டோட போகட்டும், குமர்ப் புள்ளட பேர் கெட்டுப் போகும்" எண்டு சொன்னாங்க. ஜவுபர் வாத்தியார், வாய் திறக்காத மனிசன், அண்டைக்குத்தான் கத்தினார். "பேர் கெட்டாலும் புள்ள உசிரோட இருக்கட்டும்!" நேரே பொலிசுக்குப் போனார். சுபைறாவும் சீனிமுகம்மதும் கொஞ்ச காலம் உள்ளுக்கு இருந்துட்டு, எங்கயோ தூரப் போயிட்டாங்க.

சுவரப் பார்க்க வந்த மேசன் கல்லப் பிளந்து பார்த்தார். உள்ளுக்கெல்லாம் சொதசொதவெண்டு ஈரம். "இது நேத்து மழையில நனைஞ்ச கல்லு மாதிரி கிடக்கே" எண்டு சொல்லிட்டு, கூலியும் வாங்காமப் போயிட்டார். என்ட தோள்ல, அண்டைக்கு உடுத்த சேலையில, ஒரு கைத் தடம். எத்தனை வெயில்ல போட்டும் அந்த இடம் மட்டும் காயல்ல. மடிச்சு அலுமாரியில வெச்சிருக்கன்.

றாஹிலா என்ட வீட்டிலதான் வளர்ந்தா. என்ட மகளுக்கு மூத்த ராத்தாவா. அவ உண்மையாவே குமரானது அதுக்கு ரெண்டு வருசத்துக்குப் பொறகு, என்ட வீட்டில. அண்டைக்குத்தான் சுபைறா சொன்ன பொய்யிர முழு அளவு எனக்கு விளங்கிச்சி. குளிச்சாட்டி விடக்குள்ள நான் விக்கி விக்கி அழுதன். அவதான் என்ட கண்ணத் துடைச்சு விட்டா.

போன பெருநாளுக்குப் பொறகு அவட நிக்காஹ் நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கெல்லாம் வந்து குரவை போட்டீங்களே. தன்ட வீட்டுக்கே, உம்மாட வீட்டுக்கே, மாப்புளையோட போயிட்டா. மூலை அறைய இடிச்சு, ரெண்டு பெரிய ஜன்னல் வெச்சுக் கட்டியிருக்கா. அண்டைக்கு ராவு நான் நபீலாட கபுறுப் பக்கம் பார்த்து, "போய்ப் படு கா, புள்ள கரை சேர்ந்திட்டா" எண்டு சொன்னன். இனி வரமாட்டா எண்டுதான் நினைச்சன்.

இண்டைக்கு நோன்புமில்ல. ஆனா கச்சான் வீசுது, பார்த்தீங்கதானே.

லுஹர் தொழுதுட்டுக் குசினிக்குப் போனன். என்ட பீங்கான் மூடினபடி இருந்திச்சி.

உள்ளுக்கு வெறுமன். அடியில கலங்கல் தண்ணி.

அதாலதான் உங்க எல்லாரையும் ஆள் விட்டுக் கூப்பிட்டன். கதை சொல்ல இல்ல. தடம் இந்த முறை றாஹிலாட வீட்டுப் பக்கம் போகல்ல. என்ட வாசலால இறங்கி, ஒழுங்கையக் குறுக்கறுத்து, எதிர்வீட்டுக் கடப்பால உள்ளுக்குப் போகுது. அந்த வீட்டில ஒரு சின்னப் பொடிச்சி இருந்தாதானே. உம்மாக்காரி குவைத்துக்கு வேலைக்குப் போகக்குள்ள மாமிட்ட விட்டுட்டுப் போன புள்ள. எப்ப கடைசியாக் கண்டீங்க? சொல்லுங்க. "மூத்தம்மாட்டப் போயிட்டா" எண்டு அவங்க சொன்னாங்க, நாம தலையாட்டினம். ஆர் போய்ப் பார்த்த?

எழும்புங்க. முக்காட்டப் போடுங்க, ஆனா கண்ணத் தாழ்த்தாதீங்க. அந்த உலக்கைய இங்கால தாங்க.

காலப் பார்த்து வைங்க. கடப்படி இன்னும் ஈரமாத்தான் இரிக்கி.